தன்மை ஒருமை

பின்னிரவு இரண்டு நாற்பது. வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
துணி உலர்த்தும் மெஷினை நிறுத்திவிட்டு
நிலவறைப் படியில் உட்கார்ந்து சொல்கிறேன்:
தமிழ் மொழிபெயர்ப்பாளர், எண் நான்கு நான்கு ஒன்று ஏழு.

விதிகளில் ஒன்றுதான் கடினம்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
மருத்துவர் பேசினால் நான் மருத்துவர்,
நோயாளி பேசினால் நான் நோயாளி.
மூன்றாவதாக ஓர் ஆள் அந்த அறையில் இல்லை.

நான் டாக்டர் ஃபிரீசன், என்றேன்.
நான் பிராண்டனில் பன்றித் தொழிற்சாலையில் இரவு வேலை,
என்றும் நான்தான் சொன்னேன்.
"பல்லுக்குத்து எண்டுதான் நினைச்சன்.
பிறகு கன்னம் மரத்துப்போச்சு.
பிறகு பெல்ட்டில வாற தொடை ஒவ்வொண்டும்
ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது."
சர்க்கரை முப்பத்து நான்கு.
இன்சுலின் நின்று ஏழு கிழமை,
ஒரு காப்புறுதி முடிந்து மற்றது தொடங்காத இடைவெளியில்.

அடுத்த சொல் ஃபங்கஸ்.
நான் கரூர்க்காரி. பூஞ்சை என்றேன்.
"என்னது?"
பூசணம். பூஞ்சணம். பாண் பழசானால் பிடிக்குமே, அது.
"பாணில பிடிக்கிறதோ? என்ர முகத்திலயோ?"
சிரித்தார்.
சிரிப்பையும் சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் விழித்தேன்.
யார் வைத்தார்கள்
இந்தச் சொல்லுக்குள் ஒரு பூவை?

இரத்தக் குழாய்க்குள் வளர்கிறது, என்றேன், ஃபிரீசனாக.
அது போன இடமெல்லாம் இரத்தம் நின்றுவிடும்.
அண்ணத்தில் கறுப்பாக இருக்கிறதே, அது அழுக்கில்லை,
செத்த சதை.
மூக்கறையிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வந்துவிட்டது.
எலும்பு அங்கே அட்டைக் கனம்கூடக் கிடையாது.
அதற்கப்பால் மூளை.

பிறகு வந்தது அந்த ஆங்கிலச் சொல், ஐந்து அசை.
அதற்கு என்னிடம் தமிழ் இல்லை.
இருப்பதெல்லாம் வசவு:
கண்ணைத் தோண்டிருவேன். நோண்டிருவேன்.
அகற்றுதல் குப்பைக்கு.
நீக்குதல் பள்ளிக்கூடப் பெயர்ப்பட்டியலுக்கு.
மூன்று விநாடிக்கு மேல் பேசாமலிருந்தால்
தரப்பதிவில் குறித்துக்கொள்வார்கள்.

நான் இன்றிரவே உங்கள் இடது கண்ணை எடுக்கவேண்டும், என்றேன்.
இமையோடு. சுற்றியுள்ள கொழுப்போடு, தசையோடு.
அந்தக் கண்ணில் பார்வை நேற்றே போய்விட்டது.

அங்கே ஒரு கருவி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.
தூரத்தில் ஒரு பெண்குரல்: "என்னவாம்? என்னவாமப்பா?"
"ஒண்டுமில்லை தவராணி. இடப்பக்கம் மட்டும்தானாம்."
அது எனக்கானதல்ல.
ஆனாலும் விதி, காதில் விழுந்ததெல்லாம் சொல்லவேண்டும்.
ஒன்றுமில்லை, இடப்பக்கம் மட்டும்தானாம், என்றேன்
ஆங்கிலத்தில், ஒரு மருத்துவரிடம்.

அவர் சாரி என்றார்.
மன்னியுங்கள் என்றால் அவர் குற்றவாளி.
வருந்துகிறேன் என்றால் இரங்கல் செய்தி.
எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, என்றேன்.
அந்த 'உம்' அவர் சொன்னதில் இல்லை.
யார் போட்டது அதை?

"எடுத்த கண்ணை என்ன செய்வியள்?"
லேபுக்கு அனுப்புவேன். மெல்லிசாய்ச் சீவி
ஓரத்தில் இன்னும் அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.
இருந்தால் இன்னும் வெட்டுவேன்.
"அப்ப அதுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு," என்றார்.
அதையும் சொன்னேன்.
ஃபிரீசன் பதில் சொல்லவில்லை, மூன்று விநாடிக்கு மேல்.

"ஓம்."
ஆம் என்றேன்.
பேனா தாளில் உரசுவது கேட்டது.

இருபத்தாறு நிமிடம்.
குறிப்புத் தாளை அழித்துவிட வேண்டும், அதுவும் விதி.
இடது. 34. இமை. பாண்.
நாலாய்க் கிழித்தேன், பிறகு எட்டாய்.

மெஷினைப் போட எழுந்தேன். மறுபடி மணி.
வணக்கம், எண் நான்கு நான்கு ஒன்று ஏழு.
யாரோ ஒரு கிழவர், ஒரு வங்கி.

நான், என்றேன் வங்கிக்காரியிடம்,
என்னுடையதைத் தொலைத்துவிட்டேன்.
பழையதை உடனே நிறுத்துங்கள்.
புதிய அட்டை வர
எத்தனை நாள் ஆகும்?